தோழி சாப்பிடப் போயிருக்கிறது

பெரியக்காவுக்கு நான் மாதாமாதம் மார்க் போடுவேன். பத்துக்கு எத்தனை என்று. அவர் எவ்வளவு தூரம் மனுஷி மாதிரி தெரியாமல் இருந்தார் என்பதற்கான மார்க் அது.

இதை வீட்டில் விளக்கப் போய் தோற்றிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்து பட்டத்தோடு வெளியே வந்த முதல் ஆள் நான்தான்.

"மார்க் போடுற வேலைன்னா வாத்தியாரா?" என்றார் அம்மா.

"இல்லம்மா."

"அப்ப பரீட்சை எழுதுறது யாரு?"

"ஒரு அக்கா. ஐம்பத்திரண்டு வயசு."

"பாவம், அந்த வயசுல என்னடா பரீட்சை!"

அப்பா குறுக்கிட்டு, "அவன் கம்ப்யூட்டர்ல இருக்கான், விடு" என்று பேச்சை முடித்துவைத்தார். உண்மையில் கம்ப்யூட்டரில் இருந்தது பெரியக்காதான். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன்.

எங்கள் கம்பெனி மிக்ஸி, வாஷிங் மெஷின், மின்விசிறி விற்கிறது. அலுவலகம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. படிக்கட்டில் எப்போதும் மெத்தை ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். காரணத்தை யாரும் நம்பவில்லை.

நான் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்னால், வாடிக்கையாளர்களின் புகாருக்குத் தானாகவே பதில் சொல்லும் ஒரு சாட்பாட்டை கம்பெனி வாங்கியது. பெயர் தோழி. உருண்டையான நீல முகம், தலையில் ஒரு கொம்பு, எந்நேரமும் சிரிப்பு. முதல் வாரத்தில் ஒருவர் "மிக்ஸியில் புகை வருகிறது" என்று எழுதினார். தோழி, "மிக்க மகிழ்ச்சி! வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?" என்று கேட்டது. அவர் "தீப்பிடித்துவிட்டது" என்றார். தோழி அவருக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி இணைப்பு அனுப்பியது.

எங்கள் மேலாளர் அன்றைக்கே அதை நிறுத்திவிட்டார். அலுவலகத்திலேயே சுழலும் நாற்காலி அவருக்கு மட்டும்தான் என்பதால் அவரை முதுகுக்குப் பின்னால் சுழல் சார் என்போம். அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. தோழி மாபெரும் வெற்றி என்று தலைமை அலுவலகத்துக்கு அதற்குள் அறிக்கை அனுப்பி, கேக் வெட்டிப் படமும் எடுத்திருந்தார். கேக்கைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே நீல முகத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் நான்கு மனிதர்களை உட்காரவைத்தார். தலைமை அலுவலகக் கணக்கில் அந்த நான்கு பேரும் "தோழியின் பராமரிப்பு ஊழியர்கள்."

சுவரில் பதினான்கு விதிகள் ஒட்டியிருந்தன. "அட", "ஐயோ", "ம்ம்" எழுதக் கூடாது. கோபம் தெரியக் கூடாது. களைப்பு தெரியக் கூடாது. வாடிக்கையாளரின் சொந்த விஷயம் கேட்கக் கூடாது. பேச்சு வழக்கில் எழுதக் கூடாது. இந்த விதிகளை யார் எவ்வளவு கடைப்பிடித்தார்கள் என்று உரையாடல்களைப் படித்து மார்க் போட ஒரு பட்டதாரி தேவைப்பட்டார். அது நான். படிவத்தில் அந்தக் கட்டத்தின் தலைப்பு "இயந்திரத்தன்மை." தொடர்ந்து மூன்று மாதம் ஐந்துக்குக் கீழே போனால் நாற்காலி வேறு ஆளுக்கு.

அந்த நான்கு பேரில் பெரியக்காவின் நியாயமான மார்க் இரண்டு.

அவர் அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் கீழ்த்தளத்தில், இப்போது மெத்தைக் கடை இருக்கும் இடத்தில், எங்கள் கம்பெனியின் பழுது கவுன்டரில் இருந்தார். மிக்ஸியைக் கவிழ்த்து, மோந்து பார்த்து, "இஞ்சி அரைச்சுட்டு கழுவாம வச்சிருக்கீங்க, நாலு நாளாச்சு" என்பார். வந்தவர் திருட்டு முழி முழிப்பார். கவுன்டரை மூடியபோது அவரையும் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். இரண்டே விரலால், காலிங் பெல் அடிப்பதுபோல டைப் செய்வார். கணினியை 'இவன்' என்பார். "இவன் காலையிலேயே தூங்குறான் பாரு."

முதல் மாதம் நான் நேர்மையாக இரண்டு போட்டேன். படிவத்தைப் பார்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"டேய் பட்டதாரி, எனக்கா ரெண்டு?"

"அக்கா, மிக்ஸி ஓடலன்னு சொன்னவங்கள 'பிளக் சொருகியிருக்கிறதா, உண்மையைச் சொல்லுங்கள்'னு கேட்டிருக்கீங்க."

"சொருகல. நான் கேட்டதும் அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"மெஷின் அப்படிக் கேக்காதுக்கா."

"அதான் மெஷின்கிட்ட கேட்டா மிக்ஸி ஓட மாட்டேங்குது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இந்த நாற்காலி போனா எனக்கு வேற இல்ல. இந்த வயசுல எங்க போய் யாருகிட்ட நான் மெஷினா இருக்கட்டும்?"

அடுத்த மாதத்திலிருந்து ஆறு போட ஆரம்பித்தேன். இரக்கமா, பயமா, மரியாதையா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். நாலு வருஷம் படித்து, முதல் வேலையிலேயே பொய் மார்க் போடுகிறேனே என்று பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வருத்தப்படுவேன். இறங்கும் இடம் வந்ததும் வருத்தத்தைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குவேன். மறுநாள் அதே பஸ், அதே வருத்தம்.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு கோலிக்குண்டு.

ஒருவர், "வாஷிங் மெஷினில் டொக் டொக் என்று சத்தம்" என்று எழுதினார்.

தோழி: "உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உண்டா?"

"ஆமாம். ஏன்?"

தோழி: "அதன் கால்சட்டைப் பையைப் பாருங்கள்."

கோலிக்குண்டு, கூடவே பாதி தேய்ந்த அழிப்பான். அந்த மனிதர் மொத்த உரையாடலையும் படம் பிடித்து இணையத்தில் போட்டார். "இந்த மெஷினுக்கு என் மகனைத் தெரியும். பயமாக இருக்கிறது."

அன்று மாலைக்குள் மீம் வந்துவிட்டது. நீல முகம், அந்த அசட்டுச் சிரிப்பு, கீழே: "தோழிக்கு எல்லாம் தெரியும்." மறுநாளிலிருந்து எதுவும் பழுதாகாதவர்களும் தோழியிடம் பேச வந்தார்கள். அந்த நான்கு பேரில் ஹெட்போன் என்று நாங்கள் கூப்பிடும் ஒரு பெண் உண்டு. யாரோடும் போனில் பேசும் வேலை இல்லாவிட்டாலும் ஹெட்போனைக் கழற்ற மாட்டாள். அவள்தான் மீம்களைச் சத்தமாக வாசிப்பாள்.

"அக்கா, இதக் கேளுங்க. ஒருத்தன், 'ரிமோட் வேலை செய்யவில்லை'ன்னு கேட்டிருக்கான். நீங்க, 'பேட்டரியைக் கழற்றி உருட்டிப் போடவும். ரிமோட்டை அடிக்க வேண்டாம். ஏற்கெனவே அடித்திருப்பீர்கள்'னு. அதுக்கு நாலாயிரம் பேர் சிரிச்சிருக்காங்க!"

"சிரிக்க என்ன இருக்கு? அடிச்சானா இல்லையா, அதக் கேளு."

"'அடித்தேன், மன்னித்துவிடு தோழி'ன்னு எழுதியிருக்கான்."

"ம். நல்ல பையன்."

இன்னொருவர், "தோழி, என் போனில் எல்லா ஆப்பும் அப்டேட் கேட்கிறது, ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார். "ஒன்றும் ஆகாது. நாங்கள் மின்விசிறி விற்கிறோம்" என்று பதில் போயிற்று. "தோழி, வீட்டில் கடைசியாகக் கழுவியவர் யார் என்று பாத்திரத்தைப் பார்த்துச் சொல்வாயா?" என்று ஒருவர் தட்டின் படம் அனுப்பினார். "கழுவியது யார் என்று தெரியவில்லை. கழுவாதது நீங்கள்" என்றது தோழி. "நீ நிஜமாகவே என் தோழியா?" என்றவருக்கு, "வேலை நேரத்தில் மட்டும்." இதைச் சட்டையில் அச்சடித்து யாரோ விற்க ஆரம்பித்தார்கள்.

மதியம் ஒன்றிலிருந்து ஒன்று நாற்பது வரை தோழி பதில் சொல்வதில்லை என்பதையும் கண்டுபிடித்தார்கள். "தோழி சாப்பிடப் போயிருக்கிறது" என்று ஒரு மீம், நீல முகத்துக்கு முன்னால் டிபன் பாக்ஸ். அதைப் பார்த்துப் பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. "என் டிபன் பாக்ஸ் இவ்ளோ சின்னதில்ல" என்றார்.

ஒவ்வொரு மீமும் என் பொய் மார்க்குக்குச் சாட்சி. இதில் எந்த உரையாடலுக்கு எவன் ஆறு போடுவான்?

புதன்கிழமை சுழல் சார் என்னை உள்ளே கூப்பிட்டார். நாற்காலி இரண்டு முழுச் சுற்று சுற்றி நின்றது.

"தலைமை ஆபீஸ்லேர்ந்து பெரிய சாரே வர்றார். தோழியப் பாக்கணுமாம்."

"எந்தத் தோழிய சார்?"

"நீலத்த! வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. அவர் இங்க என் ரூம்ல உக்காந்து போன்ல கேப்பாரு. இவங்க நாலு பேரும் பின்னாடி பழைய விளம்பர போர்டு வச்சிருக்குற ரூம்ல இருக்கட்டும். பெரியக்கா பதில் சொல்லட்டும். நீதான் பக்கத்துல நின்னு இது எப்படி வேல செய்யுதுன்னு விளக்கணும். படிச்சவன் நீ ஒருத்தன்தான் இருக்க."

"நான் படிச்சது விலங்கியல் சார்."

"அவருக்கு மட்டும் என்ன தெரியும்? 'கற்றல்', 'தரவு' இந்த ரெண்டு வார்த்தைய மாத்தி மாத்திச் சொல்லு."

பெரியக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு மணிக்கு நான் சாப்பிடணும். சுகர் மாத்திர போட்டா நேரத்துக்குச் சாப்பிட்டாகணும். சொல்லிட்டேன்."

"பதினோரு மணிக்கு வர்றவரு ஒரு மணி வரைக்கும் இங்க என்ன பண்ணப்போறாரு?" என்றார் சுழல் சார்.

பெரிய சார் வந்தது பன்னிரண்டு நாற்பதுக்கு. கதவைத் திறந்ததும் முதல் வார்த்தையாக, "படிக்கட்டுல ஒரு மெத்தை..." என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்கு உடனே பாசம் வந்துவிட்டது. அவர் சுழல் நாற்காலியில் உட்கார, சுழல் சார் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த அறையில் நின்றார்.

"தோழி எங்க இருக்கு?"

"அந்த ரூம்ல சார். கதவத் திறக்கக் கூடாது, குளிர்ச்சி கெட்டுரும்."

அந்த அறையில் இருந்தது எங்கள் கம்பெனியின் ஒரு மேஜை விசிறி. அது கடகடவென்று ஓடும் சத்தம் கதவு தாண்டிக் கேட்டது. "பெரிய மெஷினோ?" என்றார் பெரிய சார். "தரவு சார்" என்றேன்.

அவர் போனை எடுத்து எழுதினார். "என் வீட்டு வாஷிங் மெஷின் ஓடும்போது நடக்கிறது. நேற்று சமையலறை வரை வந்துவிட்டது."

தோழி: "மெஷினின் கால் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பவும்."

வீட்டிலிருந்து படம் வரவழைத்து அனுப்பினார். கதவுக்குப் பின்னால் இரண்டு விரல் டைப் செய்யும் டக், டக் எனக்கு மட்டும் கேட்டது என்று நம்புகிறேன்.

தோழி: "ஒரு காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைத்திருக்கிறீர்கள். எடுத்துவிடவும். தரை சரிவாக இருக்கிறது. பழியை மெஷின்மேல் போட வேண்டாம். தரையைச் சரிபண்ணச் சொல்லி வீட்டில் யாரோ ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள்."

பெரிய சார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் மனைவி சொன்னா," என்றார் மெதுவாக. "மூணு வருஷமா சொல்றா. இது எப்படிப்பா இதுக்குத் தெரியும்?"

"கற்றல் சார்."

"எதுலேர்ந்து?"

"தரவுலேர்ந்து."

அவர் மேலும் கேட்டார், தோழி மேலும் சொன்னது. துணியை அளவுக்கு மீறிப் போடுவது வரை ஒப்புக்கொண்டார். நாற்காலியில் ஒரு சுற்றுகூடச் சுற்றினார். சுவர்க் கடிகாரத்தில் முள் ஒன்றைத் தொட்டது. போன் 'டிங்' என்றது.

தோழி: "சாப்பிட்டுவிட்டு வருகிறேன்."

கதவுக்குப் பின்னால் டிபன் பாக்ஸ் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"சர்வர் குளிரவைக்கிற நேரம் சார்," என்றார் சுழல் சார். நெற்றியில் வியர்வை. "மனுஷங்க மாதிரியே சொல்லவச்சிருக்கோம்."

"பிரமாதம்!" பெரிய சார் எழுந்தே நின்றுவிட்டார். "இத நாப்பது கிளைக்கும் போட்டுடணும். நாப்பது காப்பி எடுக்க எவ்ளோ நாள் ஆகும்?"

"ஒரு வாரம் சார்," என்றார் சுழல் சார், கண்ணை மூடிக்கொண்டு.

"அப்ப இன்னொண்ணு. இவ்ளோ நல்லா ஓடுற மெஷினுக்கு நாலு பராமரிப்பு ஆளு எதுக்கு? அவங்கள எடுத்துடலாமே?"

சுழல் சார் என்னைப் பார்த்தார். இரண்டு வார்த்தைகளில் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கு அந்த இரண்டு வார்த்தையும் மறந்துபோயிற்று. பொய் சொன்னால் பெரியக்காவின் நாற்காலி போகும். உண்மையைச் சொன்னாலும் போகலாம், கூடவே என்னுடையதும். பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த வருத்தம் அத்தனையும் மூன்று மாடி ஏறி வந்து என் பக்கத்தில் நின்றது.

"காப்பி எடுக்க முடியாது சார்," என்றேன்.

"ஏன்?"

"ஒண்ணுதான் இருக்கு. அதுவும் இப்ப சாப்பிட்டுட்டிருக்கு."

அவருக்குப் புரியவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன். பழைய விளம்பர போர்டுகளுக்கு நடுவில், "குடும்பத்தின் நம்பிக்கை" என்ற எழுத்துக்குக் கீழே, பெரியக்கா மடியில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு வாய் நிறையச் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார். ஹெட்போன் ஹெட்போனைக் கழற்றினாள். அதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"தோழி?" என்றார் பெரிய சார்.

பெரியக்கா மென்று விழுங்கினார். "நடக்குற மெஷினு நீங்கதானா? உக்காருங்க, கை கழுவிட்டு வரேன். அந்தக் காகிதத்த எடுக்கச் சொல்லி வீட்டுக்கு போன் பண்ணீங்களா இல்லையா?"

"இன்னும் இல்ல," என்றார் பெரிய சார், திட்டு வாங்கிய குரலில். அப்போதே போன் செய்தார்.

பிறகு என் படிவங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சட்டையில் அச்சடித்த அந்த உரையாடல் இருந்த மாதத்தில் விரலை வைத்தார். "இதுக்கு இயந்திரத்தன்மை ஆறா?"

"ரெண்டு சார்."

"அப்ப ஏன் ஆறு போட்டீங்க?"

"ரெண்டு போட்டா மிக்ஸி ஓடாது சார்" என்று உளறினேன்.

"ஆறே கம்மி," என்றார் பெரியக்கா, கையைத் துடைத்துக்கொண்டே.

பெரிய சார் இரண்டு மணி வரை அவரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முழுவதும் வாஷிங் மெஷின், வீட்டில் மக்கர் பண்ணும் இன்னொரு விசிறி, அவருடைய மச்சினர் வாங்கி ஏமாந்த ஒரு மிக்ஸி பற்றித்தான். போகும்போது, "நாலு பேரும் இருக்கட்டும். ஆனா அந்த நீல முகம் வேணாம். இவங்க படத்தப் போடுங்க" என்றார்.

"ஐயோ, என் மூஞ்சி வேணாம் சார்! சொந்தக்காரங்க எல்லாம் மிக்ஸியத் தூக்கிட்டு வீட்டுக்கே வந்துடுவாங்க."

சுழல் சாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. "மனிதர்களைக் கொண்டு சேவை" என்று ஒரு புதிய திட்டத்தைத் தானே கண்டுபிடித்ததாக அறிக்கை எழுதி, கேக் வெட்டினார். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

இப்போது எங்கள் பக்கத்தைத் திறந்தால் நீல முகம் இல்லை. "நீங்கள் பேசுவது ஒரு மனிதரிடம். மதியம் 1 முதல் 1.40 வரை சாப்பாட்டு நேரம்" என்று எழுதியிருக்கும். இதில் வந்த ஒரே சிக்கல், ஒருவர்கூட நம்பவில்லை. "தோழிக்கு இப்போது தன்னை மனுஷி என்று நினைப்பு" என்று மீம் வந்தது. கம்பெனியின் புதுத் தந்திரம் என்றார்கள். ஒருவர், மெஷின் இல்லை என்று நிரூபிக்க இணையத்தில் கேட்பார்களே, அது மாதிரி ஒன்பது கட்டம் போட்ட மங்கலான படத்தை அனுப்பி, "மனுஷி என்றால் இதில் எத்தனை பஸ் என்று சொல்" என்றார்.

"கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருகிறேன்," என்று எழுதினார் பெரியக்கா. என்னைக் கூப்பிட்டார், ஹெட்போனைக் கூப்பிட்டார், மூன்று பேரும் சேர்ந்து எண்ணினோம். "மூன்று. ஒன்று லாரியா என்று சந்தேகம்."

"தப்பு. நான்கு. நீ மெஷின்தான்."

அன்று முழுக்க அவர் அந்தப் படத்தையே திறந்து திறந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசி வந்தது. எல்லாவற்றையும் மாற்றியவர்கள் படிவத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். கட்டத்தின் தலைப்பு இன்னும் "இயந்திரத்தன்மை"தான். முதல் மாதத்துக்குப் பிறகு மறுபடியும் உண்மையான மார்க்கைப் போட்டேன். பூஜ்யம். பெருமையாகக்கூட இருந்தது. ஐந்து நிமிடத்தில் படிவத்தோடு பெரியக்கா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"டேய் பட்டதாரி, என்னடா இது?"

"பூஜ்யம்க்கா. இப்ப அதுதான் நல்ல மார்க்."

"எவன் சொன்னான்? நான் ஸ்கூல்லயே பூஜ்யம் வாங்குனதில்ல."

"நீங்க மெஷினே இல்லன்னு அர்த்தம்க்கா."

"முழுசாவா இல்ல? நேத்து ஒருத்தன் ஒரே கேள்விய நாலு தடவ கேட்டான். நாலு தடவையும் அதே பதிலத்தான் சொன்னேன். ஒரு எழுத்து மாத்தல, ஒரு 'ஐயோ' போடல. அதுக்கு ஒண்ணாவது கிடையாதா?"

அந்த உரையாடலைத் திறந்து படித்துப் பார்த்தேன். நாலு தடவையும் அச்சு அசல். பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று போட்டேன். படிவத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துச் சரிபார்த்துவிட்டு, அவர் தன் நாற்காலிக்குப் போனார்.